ஊரில்லாத பள்ளிக்கூடம்

டோல்கேட் மெட்ரோ நிலையத்தின் படிகளை விட்டு இறங்கினால் எதிர்ச்சுவரில் ஒரு பள்ளியின் விளம்பரப் பலகை கண்ணில் படும். நீலச் சீருடையில் நான்கு குழந்தைகள் ஒரு பூகோள உருண்டையைச் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். நால்வரும் வெள்ளைக்காரக் குழந்தைகள். பள்ளியின் பெயரில் 'இன்டர்நேஷனல்' என்ற சொல் உண்டு. சர்வதேசம், பன்னாட்டு, அனைத்துலகம் என்று இந்த ஒரு சொல்லுக்கு மூன்று தமிழாக்கங்களை வைத்துக்கொண்டு சிற்றிதழ்களில் நாம் எத்தனையோ பக்கங்கள் சண்டையிட்டிருக்கிறோம். மூன்றில் ஒன்றுகூட இந்தப் பலகைகளில் ஏறவில்லை. ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினால்தான் அதற்குரிய கட்டணத்தை வாங்க முடியும் போலும்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் கன்டெய்னர் யார்டு ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறார். சென்ற மாதம் அந்தப் பள்ளியின் விண்ணப்பப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். அவருடைய மகள் மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பை முடிக்கிறாள். "அக்கா, நீங்க பாங்காக்ல இந்த மாதிரி ஸ்கூல்லதானே நாலாவது அஞ்சாவதுக்கு டீச்சரா இருந்தீங்க? உங்களுக்குத் தெரியாததா? சேத்துடலாமா, சொல்லுங்க" என்றார். வேண்டாம் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நீங்க போய் எல்லாம் பாத்துட்டு வந்துட்டீங்க. எங்க புள்ளைங்களுக்கு மட்டும் வேணாங்கறீங்க" என்றார்.

நியாயமான குற்றச்சாட்டு. 2011 முதல் 2018 வரை ஏழாண்டுகள் அங்கே வாங்கிய சம்பளத்தில்தான் இந்த வீட்டின் மாடி எழும்பியது. அந்த மாடியில் உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். அன்று அவரிடம் சரியாகச் சொல்ல முடியாமற்போனதை இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதலில் எதிர்த்தரப்புக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். பன்னாட்டுப் பள்ளி என்ற எண்ணமே அயோக்கியத்தனமானது என்று நான் சொல்லவில்லை. 1924இல் ஜெனீவாவில், உலக நாடுகள் சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் பணியாற்ற வந்தவர்களின் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. முதல் உலகப்போரின் பிணக்குவியலைக் கண்டு மிரண்டுபோன தலைமுறையின் காரியம் அது. பல தேசத்துப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தால் நாளைக்கு ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருந்தது. அதே நகரத்தில் 1968இல் சர்வதேச பாக்கலோரியா என்னும் ஐ.பி. அமைப்பு உருவானது. அது 1997இல் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கென ஒரு பாடத்திட்டத்தை வெளியிட்டது. இன்று உலகெங்கும் எட்டு வயது முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பன்னாட்டுப் பள்ளிகளில் கணிசமானவை அதைத்தான் பின்பற்றுகின்றன, அல்லது அதைப் பார்த்து எழுதிக்கொள்கின்றன.

என் வகுப்பில் இருபது பேருக்கு மேல் இருந்ததில்லை. யாரும் யாரையும் அடிக்கவில்லை. நூலகம் பூட்டப்படவே இல்லை. கேள்வி கேட்ட குழந்தையை அதிகப்பிரசங்கி என்று ஒருவரும் திட்டவில்லை. தண்டையார்பேட்டையில் நான் படித்த பள்ளியில் கரும்பலகைக்கும் பிரம்புக்கும் நடுவே வளர்ந்த எனக்கு முதல் ஆண்டு முழுக்க இதெல்லாம் சொர்க்கமாகவே தெரிந்தது. இதை மறைத்துவிட்டு எழுதுவது யோக்கியமல்ல.

அந்தப் பாடத்திட்டத்துக்கு ஆறு பெருந்தலைப்புகள் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் அவற்றைச் சுற்றியே பாடம் நகரும். நாம் யார், உலகம் எவ்வாறு இயங்குகிறது, பூமியை எப்படிப் பகிர்ந்துகொள்கிறோம் என்றெல்லாம் போகும் அந்த வரிசையில் ஒரு தலைப்பு என்னை முதல் நாளிலேயே ஈர்த்தது: இடத்திலும் காலத்திலும் நாம் எங்கே இருக்கிறோம். பத்து வயதுக் குழந்தையிடம் கேட்பதற்கு இதைவிட நல்ல கேள்வி ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை. என் புகாரெல்லாம் அந்தக் கேள்விக்கு அந்தப் பள்ளி தயாரித்து வைத்திருந்த விடைகளைப் பற்றியது.

நாங்கள் இருந்த இடம் பாங்காக். காலையில் பள்ளிப் பேருந்து சீலோம் பகுதியில் ஒரு மாரியம்மன் கோவிலைத் தாண்டிப் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோவில் அது. நவராத்திரி நாட்களில் தாய்லாந்து மக்கள் சாரிசாரியாக வந்து நிற்பார்கள். உள்ளூர்க்காரர்கள் அதை 'வாட் கேக்' என்பார்கள். 'கேக்' என்ற சொல்லுக்கு விருந்தாளி என்றும் பொருள், இந்தியன் என்றும் பொருள். நகரத்தின் பழைய பகுதியில் செந்நிறத் தேக்குத் தூண்களோடு ஒரு பெரிய ஊஞ்சல் சட்டம் நிற்கிறது. அரசவைப் பிராமணர்கள் நடத்திய சடங்கொன்றில் அதில் ஊஞ்சல் ஆடுவார்கள். ஆட்டம் 1935இல் நின்றுவிட்டது, சடங்கு நிற்கவில்லை. அதன் பெயர் திரியம்பாவாய்-திரிபாவாய். நம் மார்கழியை ஒட்டி வருகிறது. அங்கே ஓதப்படுவதில் திருவெம்பாவையும் உண்டு. ஓதுபவர்களுக்கே பொருள் மறந்துபோய், உச்சரிப்பு உருமாறி, ஆயினும் விடாமல் ஓதப்பட்டுவரும் தமிழ். இன்னும் தெற்கே தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற பெயரில் வெட்டிய ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவின் பொறுப்பில் விட்டதைச் சொல்கிறது. திருவொற்றியூர்க் கோவிலில் மார்கழி விடியலில் திருவெம்பாவை கேட்டு வளர்ந்த எனக்கு இதெல்லாம் தெரியவந்தபோது பல நாட்கள் தூக்கம் பிடிக்கவில்லை.

இடத்திலும் காலத்திலும் நாம் எங்கே என்ற தலைப்பின்கீழ் அந்த ஆண்டு நான்காம் வகுப்புக்கு நாங்கள் நடத்தியது, ஐரோப்பியக் கடலோடிகள் புதிய உலகங்களைக் கண்டுபிடித்த வரலாறு. ஆறு வாரம். அட்டையில் கப்பல் செய்தோம். என் வகுப்பில் தாய்லாந்து, இந்திய, கொரிய, ஜப்பானியக் குழந்தைகளோடு இரண்டு பிரிட்டிஷ் பிள்ளைகளும் ஓர் ஆஸ்திரேலியச் சிறுமியும் இருந்தார்கள். ஆசியக் குழந்தைகள் அத்தனை பேரும் தாங்கள் 'கண்டுபிடிக்கப்பட்ட' கதையை மிகுந்த ஆர்வத்தோடு வண்ணம் தீட்டினார்கள். அந்த ஊஞ்சல் சட்டத்தைப் பார்க்க ஒரு நாள் அழைத்துப் போகலாமா என்று கேட்டேன். அது 'உள்ளூர்ப் பண்பாடு' என்ற பிரிவில் வருகிறது, வாரத்தில் ஒரு மணி நேரம் அதற்கென்றே தாய் மொழி ஆசிரியை இருக்கிறாரே என்றார்கள். அந்த ஆசிரியைக்கு எங்களில் பாதிச் சம்பளம்கூட இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். (எனக்கும் என் பக்கத்து வகுப்பு நியூசிலாந்துக்காரருக்கும் இடையிலும் ஒரு வித்தியாசம் இருந்தது. கடவுச்சீட்டின் நிறத்தை ஒட்டிய வித்தியாசம். அதை நான் விரிக்கப்போவதில்லை. எனக்குக் கிடைத்ததே இங்கே கனவிலும் கிடைக்காத தொகை.) ஐந்தாண்டுகள் அந்நகரத்தில் வாழ்ந்து முடித்துத் திரும்பும் பிள்ளைகள் தாய் மொழியில் ஐந்து வாக்கியம் பேச மாட்டார்கள். அவர்களுக்குச் சோறு பரிமாறிய பெண்ணின் பெயர் தெரியும். அவள் ஊர் தெரியாது.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுதோறும் காஞ்சனபுரிக்கு அழைத்துப் போவோம். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைத்துப் போட்ட ரயில்பாதை அவ்வழியே சென்றது. 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நேச நாடுகளின் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் அதில் மாண்டார்கள். அவர்களில் பலருக்கு அங்கே அழகான கல்லறைத் தோட்டம் உண்டு. வெட்டிய புல்வெளி, பெயர், வயது, படைப்பிரிவு, வீட்டார் எழுதியனுப்பிய ஒரு வாசகம். பிள்ளைகள் கையில் ஒரு பயிற்சித்தாள் கொடுப்போம். ஒரு கல்லறையைத் தேர்ந்தெடு, அந்த வீரனின் வயதைக் கணக்கிடு, அவனுக்கு ஒரு கடிதம் எழுது. நல்ல பயிற்சிதான். பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள்.

அதே பாதையில் ஜப்பானியர் 'ரொமுஷா' என்றழைத்த ஆசியத் தொழிலாளர்கள் போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு செத்தார்கள். அவர்களில் பெருந்தொகையினர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் மிரட்டியும் லாரியில் ஏற்றப்பட்ட தமிழர்கள். காலராவில் செத்தவர்களைக் குழி தோண்டித் தள்ளினார்கள். அந்தத் தோட்டத் தொழிலாளி ஒருவனின் பெயரும் அந்தப் புல்வெளியில் இல்லை. மலேசியத் தமிழிலக்கியம் இதை மறக்கவில்லை என்பது இங்குள்ள வாசகர்களுக்குத் தெரியும். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இருக்கிறது, அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இருக்கிறது. எங்கள் பள்ளி நூலகத்தில் இந்த ரயில்பாதையைப் பற்றி ஓர் அலமாரி நிறைய நூல்கள் இருந்தன. ஆஸ்திரேலியர் எழுதியவை, ஆங்கிலேயர் எழுதியவை. தோட்டத் தொழிலாளிகளுக்கு அவற்றில் கிடைத்த இடம் சில பத்திகள்.

மூன்றாம் முறை போனபோது பயிற்சித்தாளில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தேன். இங்கே கல்லறை இல்லாதவர்கள் யார்? அவ்வளவுதான். திரும்பி வந்ததும் ஒரு பெற்றோரிடமிருந்து புகார் வந்தது. பிள்ளைகளிடம் எண்களைச் சொல்லிப் பயமுறுத்துகிறேனாம், இனப் பாகுபாட்டைப் பற்றிப் பேசும் வயதல்லவாம். தலைமையாசிரியர் மிக மென்மையாகச் சொன்னார்: "பயணத்தின் நோக்கம் பகையை மறப்பது." அடுத்த ஆண்டு அந்த வரி இல்லாத தாளே அச்சானது. நான்தான் அச்சுக்குக் கொடுத்தேன்.

இதைவிடக் கசப்பான ஒன்றும் உண்டு. இந்தப் பாடத்திட்டத்தின் இறுதியாண்டில், அதாவது பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பில், குழந்தைகள் தாமே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்துப் பல வாரங்கள் ஆராய்ந்து பெற்றோர் முன்னிலையில் கண்காட்சியாக வைக்க வேண்டும். 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய பி.டபிள்யூ. மேப்பிள் ஒன்று, எண்ணெய்ப் பொருட்களோடு உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம் மற்றொன்று. கசிவு பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள் முதலில். பிறகு எர்ணாவூர்க் கரையில் கருங்கூழாக எண்ணெய் ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளி அள்ளி ஊற்றியதை நாடே பார்த்துச் சிரித்தது, பிறகு வெட்கப்பட்டது.

என் வகுப்பில் ஒரு பையன். தந்தை கப்பல் நிறுவனமொன்றில் பொறியாளர், பாட்டி இங்கே திருவொற்றியூரில் இருந்தார். அவன் பாட்டியோடு தொலைபேசியில் பேசியதைப் பதிவுசெய்து கொண்டுவந்தான். "கடலு நாறுதுடா கண்ணு. மீனு எவனும் வாங்க மாட்டேங்கறான். உங்க மாமன் வாளி தூக்கினு போயிருக்கான்" என்கிறது அந்தக் குரல். கப்பலுக்கு ஏன் வாளி, கப்பலில் இருந்து கொட்டியதை அள்ள வேறு இயந்திரம் இல்லையா, அள்ளியதை எங்கே கொட்டுவார்கள், மாமாவின் கையில் படை வந்தால் யார் மருந்து வாங்கித் தருவார்கள்? ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள் எழுதியிருந்தான். ஏழாண்டுகளில் என் வகுப்பில் ஒரு குழந்தை தானாக எழுதிய ஆகச் சிறந்த கேள்வித்தாள் அது.

ஒருங்கிணைப்பாளர் நல்ல மனுஷி. பொறுமையாகப் படித்தார். தலைப்பு மிகவும் குறுகியதாக இருக்கிறது, உலகளாவிய பரிமாணம் இல்லை, ஆங்கிலத்தில் நம்பகமான ஆதாரங்கள் போதாது என்றார். அந்த ஒலிப்பதிவு? அது ஒரு குடும்ப உரையாடல், ஆதாரமாகாது என்றார். பையன் கடைசியில் 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்ததைப் பற்றிக் கண்காட்சி வைத்தான். அழகான வரைபடங்கள். பதினொரு தொழிலாளர்கள் இறந்ததைக் குறிப்பிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். பாட்டியின் குரலை எவரும் கேட்கவில்லை. நான் வாதாடியிருக்கலாம். ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும் பருவம் அது. வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உலகப் பொதுமை என்ற பெயரில் அங்கே நடப்பது இதுதான். குழந்தையின் காலடியில் இருக்கும் இடம் குறுகியது என்று விலக்கப்படுகிறது. அமெரிக்கனின் காலடியில் இருக்கும் இடம் உலகம் என்று அழைக்கப்படுகிறது. மெக்சிகோ வளைகுடா மீனவனுக்கு உலகளாவிய பரிமாணம் எங்கிருந்து வந்தது, எர்ணாவூர் மீனவனுக்கு அது ஏன் வரவில்லை என்று பத்து வயதுப் பையன் என்னைக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் தெரியவில்லை. அவன் கேட்கவில்லை. கேட்காமலிருக்க அவன் கற்றுக்கொண்டு விட்டான் என்பதுதான் எனக்கு உறைக்கிறது.

இனி டோல்கேட்டுக்கு வருகிறேன்.

பாங்காக்கில் நான் கண்டு வியந்த வகுப்பறை, குழந்தைகள் தரையில் குழுக்களாக அமர்ந்திருப்பதும் ஆசிரியர் அவர்களுக்கிடையே உட்காருவதும் ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் முன்னேறுவதுமான அந்த வகுப்பறை, அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் இருந்தது. 2003இல் மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முன்னெடுத்த செயல்வழிக் கற்றல் அது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையை மாநகராட்சி ஆசிரியர்கள் நேரில் போய்க் கற்றுவந்து இங்கே மாற்றியமைத்தார்கள். குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை. அட்டைகளும் அவற்றை அடுக்கிய தட்டுகளும். எந்தப் படியில் இருக்கிறேன் என்று குழந்தையே பார்த்துக்கொள்ளும் ஏணி. வரைந்ததைத் தொங்கவிடத் தலைக்கு மேலே கம்பிப் பந்தல். தன் வருகையைத் தானே குறித்துக்கொள்ளும் பதிவேடு. 2007-08இல் மாநிலம் முழுவதும் ஒன்று முதல் நான்கு வரையிலான வகுப்புகளுக்கு அது விரிந்தது.

நாம் என்ன செய்தோம்? சிரித்தோம். "டீச்சரு தரையில குந்திக்கினு இருக்குது, புள்ளைங்க சீட்டாடுது" என்று தெருவில் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். நானும் சிரித்தவள்தான். பிள்ளைகளைப் பிடுங்கி, கழுத்தில் டையும் காலில் ஷூவும் மாட்டி, ஐம்பது பேர் வரிசையாக உட்கார்ந்து ஒரே குரலில் கத்தும் வகுப்புகளுக்கு அனுப்பினோம். பிறகு அதே பாய், அதே குழு, அதே கற்றல் அட்டை 'உலகத் தரம்' என்ற முத்திரையோடு வந்தபோது, வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டத் தயாராகிறோம்.

செயல்வழிக் கற்றலுக்கு நான் பரணி பாடவில்லை. அதன் குறைகள் எனக்குத் தெரியும். அட்டை என்பது சீக்கிரமே ஒரு சடங்காக மாறியது. இருவர் மூவர் மட்டுமே உள்ள பள்ளிகளில் ஆசிரியருக்கு மூச்சு முட்டியது. எண்ணூருக்கும் கொடைக்கானலுக்கும் ஒரே அட்டை. எண்ணூர்ப் பிள்ளையின் உப்பங்கழியும் சாம்பல் குளமும் எந்தத் தட்டிலும் இல்லை. 2022இல் எண்ணும் எழுத்தும் வந்து முதல் மூன்று வகுப்புகளில் அந்த இடத்தைப் பிடித்தது, அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும் சேர்ந்தன. அதிலும் எண்ணூர் இல்லை என்பதே என் புகார். ஆனால் இந்தப் புகாரை நான் சாலையில் நின்று சத்தமாகச் சொல்லலாம், மாமன்ற உறுப்பினரிடம் மனு கொடுக்கலாம், ஆசிரியரோடு சண்டை போடலாம். பாங்காக்கில் அந்த ஒற்றை வரியைக் காப்பாற்ற எனக்கு எந்த மாமன்றமும் இல்லை.

நான்காம் வகுப்பு என்பது விசேஷமான வயது. எழுத்துக் கூட்டும் பாடு முடிந்து, தேர்வுப் பயம் இன்னும் பிடிக்காத ஓரிரண்டு ஆண்டுகள். குஜராத்தின் கிஜுபாய் பதேகா 'பகல் கனவு' எழுதியபோது தன் கதையின் ஆசிரியருக்குப் பரிசோதனைக்காகக் கொடுத்தது நான்காம் வகுப்பைத்தான். அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஏன், யார், எங்கிருந்து என்ற கேள்விகள் அந்த வயதில் கொட்டும். அப்போது கையில் என்ன கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நண்பரோடு அந்தப் புதிய பள்ளியைப் பார்க்கப் போனேன். குளிர்சாதன அறைகள். நான்காம் வகுப்பில் நாற்பது பேர். ஆசிரியைக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், பாவம், கல்லூரி முடித்த கையோடு வந்தவள். 'நம்மைச் சுற்றியுள்ள போக்குவரத்து' பற்றிய பாடம். தாளில் லண்டனின் சிவப்பு மாடிப் பேருந்தும் ஒரு டிராம் வண்டியும் பனிச்சறுக்கு வண்டியும் இருந்தன. வெளியே துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் அலறிய அலறலில் அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

அந்த ஜன்னலுக்கு வெளியேதான் தமிழ்நாட்டின் ஆகப் பன்னாட்டுத்தன்மை கொண்ட சாலை ஓடுகிறது. இவ்வூரின் பெயரே ஒரு பாடம். நகருக்குள் நுழையும் வண்டிகளிடம் சுங்கம் பிரித்த வாயில். யார் பிரித்தார்கள், யாரிடம், எதற்கு? அடுத்த நிறுத்தம் காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட்டின் பெயரில் நெசவாளர்களைக் குடியேற்றிய காலட்பேட்டை, மக்கள் வாயில் காலடிப்பேட்டையாகிவிட்டது. பிரிட்டிஷ் கம்பெனிக்கு ஏன் நெசவாளி வேண்டியிருந்தது, அந்தத் துணி எங்கே போனது என்று ஒரு பிள்ளை கேட்க ஆரம்பித்தால் லண்டன் வரை போய்த்தான் நிற்க வேண்டும். தீப்பெட்டி செய்த விம்கோ தொழிற்சாலை, ஸ்வீடன்காரர்களின் முதலீட்டில் வந்தது. இன்று ஒரு மெட்ரோ நிலையத்தின் பெயராக எஞ்சியிருக்கிறது. திருவொற்றியூரில் 1955 முதல் மோட்டார் சைக்கிள் செய்த என்ஃபீல்டு, இங்கிலாந்திலிருந்து வந்த பெயர். எண்ணூரில் பர்மா நகர் இருக்கிறது. பர்மாவிலிருந்து அடித்து விரட்டப்பட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் போடும் அத்தோ கடையில் என் நண்பரின் மகள் வாரம் ஒருமுறை சாப்பிடுகிறாள். அந்தத் தட்டிலிருந்து ரங்கூனுக்கும், ரங்கூனிலிருந்து காஞ்சனபுரிக்கும் ரயில்பாதை போகிறது. வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து பாரதீப் வழியாகக் கப்பலில் வருகிறது. அங்கே நிலம் இழந்தவன் யார், இங்கே சாம்பல் தின்பவன் யார், விளக்கு எரிவது யார் வீட்டில்? பூமியை எப்படிப் பகிர்ந்துகொள்கிறோம் என்ற தலைப்பை எங்கோ உட்கார்ந்து எழுதினார்கள். அதற்கான விடைகள் இங்கே கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் மிதக்கின்றன.

மிதக்கின்றன என்பதை உவமையாகச் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் எண்ணூர்க் கழிமுகம் வரை வந்து படகுகளிலும் வீட்டுச் சுவர்களிலும் படிந்தது. ஏறக்குறைய ஏழாண்டு கழித்து மறுபடியும் வாளிகள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அந்த ஆலையின் பெயரிலும் 'இன்டர்நேஷனல்' உண்டு.

ஓர் ஆட்சேபம் எழும் என்று எனக்குத் தெரியும். நண்பர் அதைத் தம் மொழியில் சொல்லியும்விட்டார்: "நாங்கதான் இந்தச் சாம்பல்லயும் நாத்தத்துலயும் கெடக்கறோம்க்கா. புள்ள அதையே படிக்கணுமா?" என்னால் எளிதில் தாண்ட முடியாத கேள்வி இது. பணக்காரப் பிள்ளைகள் உலகத்தைப் படிப்பார்கள், நீ உன் சாக்கடையைப் படி என்று சொல்லும் மண்வாசனைக்காரர்களை எனக்கும் பிடிக்காது. தம் பிள்ளைகளை அடையாற்றில் படிக்கவைத்துவிட்டு வடசென்னையின் 'அசலான வாழ்வை'க் கதைகளில் ரசிப்பவர்கள் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களிலும் இருக்கக்கூடும். ஆங்கிலம் வேண்டும் என்று அவர் நினைப்பதிலும் தவறில்லை. துறைமுகத்தில் ஆங்கிலம் தெரிந்தவன் எழுதுகிறான், தெரியாதவன் சுமக்கிறான் என்பதைத் தினமும் கண்ணால் பார்ப்பவர் அவர்.

ஆனால் அந்தப் பள்ளி விற்பது ஆங்கிலத்தை மட்டுமல்ல. தான் நிற்கும் இடம் கேள்வி கேட்கத் தகுதியற்றது என்ற எண்ணத்தையும் ஆங்கிலத்தோடு பொட்டலம் கட்டித் தருகிறார்கள். பாங்காக்கின் அந்தப் பையனுக்குத் தந்தையின் பணமும் கடவுச்சீட்டும் இருந்தன. ஊரை மறந்தாலும் அவன் பிழைத்துக்கொள்வான். டோல்கேட்டில் எட்டு வயதுப் பெண் பனிச்சறுக்கு வண்டிக்கு வண்ணம் தீட்டக் கற்றுக்கொண்டு வெளியே வந்தால், அவள் சுவாசிக்கப்போவது இதே காற்றைத்தான். இதில் என்ன கலந்திருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும், எந்த மொழியில் மனு எழுத வேண்டும் என்று தெரிவது அவளுக்கு அலங்காரமல்ல. அதை எந்த மொழியில் வேண்டுமானாலும் கற்றுக்கொடுக்கட்டும், ஆங்கிலத்திலேயே கற்றுக்கொடுக்கட்டும். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கற்றுக்கொடுக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளை மெட்ரோ நடைமேடைக்கு அழைத்துப் போனேன். கிழக்கே கடல், தெற்கே துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். நங்கூரமிட்டிருந்த கப்பல்களை எண்ணிக்கொண்டே வந்தவள், அவை ஏன் உள்ளே வராமல் வெளியிலேயே நிற்கின்றன, அவற்றுக்கும் சுங்கம் உண்டா என்று கேட்டாள். இதை அவள் அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் விண்ணப்பப் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னும் பணம் கட்டவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.